ஜேடர்பாளையம் – சிங்கப்பூர்: நடுவில் 1,360 கிலோமீட்டர்

“மாப்ள, நம்மூர்ல வண்டிய எடுத்தா சிங்கப்பூர் வரைக்கும் ரோட்டுலயே போயிரலாமா? மேப்புல கோடு போகுதே!”

ஜேடர்பாளையம் படுகை அணையோரம், மீன் வறுவல் கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு மாமா இதைக் கேட்டார். அவருக்கு 64 வயது. 31 வருஷம் லைன் வண்டி ஓட்டியவர். சேலத்து ஜவ்வரிசி மூட்டையை ஏற்றிக்கொண்டு கல்கத்தா போவார். அங்கே கிடைத்த லோடு கவுஹாத்திக்கு என்றால் அதற்கும் வண்டியைத் திருப்புவார். ஸ்டியரிங்கை விட்டு இறங்கி ஒரு வருஷம் ஆகிறது. வீட்டில் சொந்தமாக ஒரு பொலீரோ நிற்கிறது. “லோடு இல்லாம, பாட்டா கணக்கு இல்லாம, யாருக்கும் டெலிவரி டைம் சொல்லாம ஒரே ஒரு டிரிப்பு போகோணும் மாப்ள.”

நாமக்கல் சீமையில் இப்படி ஓர் ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைகள் நாமக்கல்லில் வரிசையாக நிற்கின்றன. சமையல் எரிவாயு டேங்கர் லாரிக்காரர்களுக்குத் தென்னிந்தியாவிலேயே இதுதான் தலைமையிடம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் மாநிலம் மாநிலமாகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. வெற்றிலைக் கொடிக்காலுக்கும் கரும்புக்கும் மடை திருப்பிய கையாலேயே நாக்பூருக்கும் ராஞ்சிக்கும் ஸ்டியரிங் பிடித்த ஆட்கள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. தெரியாத பாஷை, தெரியாத சாப்பாடு, நடு ராத்திரியில் வழிமறிக்கிற போலீஸ் எல்லாம் பார்த்துப் பழகியவர்கள். அவர்கள் பார்க்காதது ஒன்றுதான், நாட்டு எல்லை.

“விசாரிச்சுச் சொல்றேனுங்க மாமா” என்றேன். அந்த விசாரணைதான் இந்தக் கட்டுரை.

ரோடு இருக்கிறது

ரோடு இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஜேடர்பாளையத்தில் கிளம்பி சேலம், சென்னை, விஜயவாடா, புவனேஸ்வர், கல்கத்தா, சிலிகுரி, கவுஹாத்தி, திமாப்பூர், கோஹிமா, இம்பால் வழியாக மணிப்பூரின் எல்லை ஊரான மோரே வரைக்கும் 3,800 கிலோமீட்டர் பக்கம் வரும். மோரேயில் ஒரு பாலத்தைத் தாண்டினால் மியான்மரின் தமு. அங்கிருந்து கலேவா, மோன்யுவா, மாண்டலே, பகோ, மியாவடி என்று இறங்கி, மோய் ஆற்றுப் பாலம் ஏறினால் தாய்லாந்தின் மே சோட். மோரேக்கும் மே சோட்டுக்கும் நடுவில் சுமார் 1,360 கிலோமீட்டர். மே சோட்டிலிருந்து பாங்காக், ஹட் யாய், மலேசியாவின் வடக்கு தெற்கு விரைவுச்சாலை, ஜொகூர் பாரு, சிங்கப்பூர் என்று இன்னொரு 2,300. மொத்தம் 7,500 கிலோமீட்டர் பக்கம் ஆகும்.

கணக்கைச் சொன்னதும் மாமா, “கவுஹாத்தி போயிட்டு வாரதே ஆறாயிரத்துக்குப் பக்கமாச்சே” என்றார். தூரம் அவரை மிரட்டவில்லை.

இந்தியாவிலிருந்து மியான்மர் வழியாக வண்டிகள் ஓடியும் இருக்கின்றன. 1955-56இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர் வண்டிகளில் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். 2004 நவம்பர் 22 அன்று கவுஹாத்தியில் பிரதமர் மன்மோகன் சிங் கொடியசைக்க, இந்தியா – ஆசியான் கார் பேரணி மியான்மர் வழியாகக் கிழக்கே புறப்பட்டது. 2012இல் இரண்டாவது பேரணி, இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவிலிருந்து எதிர்த்திசையில் இந்தியாவுக்கு வந்தது. அரசாங்கமே முன்னால் நின்று எல்லைகளைத் திறந்துவிட்ட பேரணிகள் அவை. சாதாரண ஆள் பாஸ்போர்ட்டும் விசாவுமாக மோரே கேட்டைத் தாண்டலாம் என்று வந்தது 2018 ஆகஸ்ட் 8 அன்றுதான்.

இந்தியா – மியான்மர் – தாய்லாந்து என்று மூன்று நாட்டு நெடுஞ்சாலை பற்றிய பேச்சு 2002இல் தொடங்கியது. அதற்கு முந்தைய வருஷமே தமுவிலிருந்து கலேவா பக்கம் 160 கிலோமீட்டர் சாலையை நம்முடைய எல்லைச் சாலை நிறுவனம் போட்டுக் கொடுத்திருந்தது. சாலை வந்தது, பாலங்கள் வரவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பழைய பாலங்கள் உட்பட 69 பாலங்களை மாற்றிக் கட்ட வேண்டும் என்று எடுத்த வேலை வருஷக்கணக்காக இழுக்கிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. பாலம் கட்டத் தெரியாத நாடில்லை நம்முடையது.

2018இல் திறந்த கேட் முழுசாக இரண்டு வருஷம்கூட அப்படியே இருக்கவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக மூடினார்கள். 2021 பிப்ரவரி 1 அன்று மியான்மர் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அன்றிலிருந்து அந்த நாட்டில் உள்நாட்டுப் போர். தமு, கலேவா இருக்கிற சகாயிங் பகுதி அந்தப் போரின் நடுவில் இருக்கிறது. 2023 மே 3 அன்று மணிப்பூரில் கலவரம் வெடித்தது. இம்பாலுக்கும் மோரேக்கும் நடுவில் இருக்கிற 110 கிலோமீட்டர் மலைப்பாதை அதற்குப் பிறகு பழைய மாதிரி இல்லை. 2025 மார்ச் 28 அன்று வந்த நிலநடுக்கம் மாண்டலேயையும் சகாயிங்கையும் உலுக்கிப் போட்டது. ஐராவதி ஆற்றின் மேல் 1934இல் கட்டிய அவா பாலம் ஆற்றுக்குள் விழுந்தது.

கிழக்குக் கோடியில் இருக்கிற மியாவடியின் பெயர் நம் ஊர்த் தாய்மார்களுக்கே தெரியும். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று கூட்டிப்போய், மே சோட் பக்கம் ஆற்றைக் கடத்தி, மியாவடியின் மோசடிக் கூடங்களில் பிள்ளைகளை அடைத்துவைத்தார்கள். 2022 அக்டோபரில் தமிழ் இளைஞர்கள் 13 பேர் மீட்கப்பட்டு சென்னை வந்து இறங்கினார்கள். 2025 மார்ச்சில் 500க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் மே சோட் வழியாகத் திருப்பிக் கூட்டிவந்தார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, “மியான்மர் வழியா இப்ப வண்டி கொண்டுட்டுப் போறது வேண்டாமுங்க மாமா” என்றேன். யாராவது ஏஜென்ட் “பாத்துக்கலாம், பணம் கட்டுங்க” என்று சொன்னாலும் கட்ட வேண்டாம் என்றும் சொன்னேன். படிக்கிறவர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்.

நடந்து வந்த பாதை

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: “அந்த மோரேயில நம்மாளுக இருக்காங்களாமே, மெய்தானுங்களா?”

மெய்தான். மணிப்பூரின் கடைக்கோடியில், இந்தியா முடிகிற இடத்தில், அங்காளபரமேஸ்வரிக்கும் முனீஸ்வரருக்கும் கோபுரம் வைத்த கோயில் நிற்கிறது. தமிழ்ச் சங்கம் இருக்கிறது. அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்த கதையைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பாதையில் ஒருவன் பயணத் திட்டம் போடுவது சரியென்று எனக்குப் படவில்லை.

தமிழன் கிழக்கே போன வழி எப்போதும் கடல்தான். ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் கடாரத்துக்குப் போனதும் கப்பலில். 20ஆம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆள் ஏற்றிப்போன ‘ரஜூலா’வும், அதற்குப் பின் வந்த ‘சிதம்பரம்’ கப்பலும் நம் பெரியவர்கள் வாயில் இன்னும் இருக்கின்றன. தரை வழியாக நம் ஜனங்கள் பெருங்கூட்டமாக நடந்த காலம் ஒன்று உண்டு. அதில் ஆசைப்பட்டு நடந்தவர்கள் யாருமில்லை.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. அடுத்த சில மாதங்களில் நான்கைந்து லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு மேற்கே நகர்ந்தார்கள். துறைமுகத் தொழிலாளி, வயல் கூலி, கடைக்காரர், செட்டிநாட்டு வட்டிக்கடைக் கணக்குப்பிள்ளை என்று தமிழர் திரளாக அதில் இருந்தார்கள். அரக்கான் மலை தாண்டி ஒரு கூட்டம், வடக்கே ஹுகாவுங் பள்ளத்தாக்கு வழியாக ஒரு கூட்டம். இன்னொரு பெருங்கூட்டம் கலேவாவிலிருந்து தமு வந்து, பலேல் ஏறி, இம்பாலுக்கு நடந்தது. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே செத்தார்கள். ‘மூன்று நாட்டு நெடுஞ்சாலை’ என்று இன்று பலகை வைத்திருக்கிற தடம், அந்த ஜனங்கள் எதிர்த்திசையில் நடந்துவந்த தடம்தான்.

போர் முடிந்து பலர் திரும்பிப் போனார்கள். 1962இல் நே வின் ராணுவ ஆட்சி வந்தது. 1964இல் கடைகளை அரசுடைமையாக்கினார்கள். மறுபடியும் மூட்டை முடிச்சு. கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு முகாம். பிறகு ஊருக்கு ஊர் பர்மா காலனி. அதில் மனசு ஒட்டாமல், பிறந்த மண்ணுக்கே போய்விடலாம் என்று சில குடும்பங்கள் ரயிலேறி, பஸ் ஏறி, மணிப்பூர் எல்லை வரைக்கும் போயின. பர்மிய ராணுவம் உள்ளே விடவில்லை. தமிழ்நாட்டுக்குத் திரும்பவும் மனமில்லை. நின்ற இடத்திலேயே குடிசை போட்டார்கள். அதுதான் மோரேத் தமிழர்களின் தொடக்கம். அரிசியும் துணியும் பண்டமாற்று செய்து, எல்லைச் சந்தையையே வளர்த்தெடுத்தவர்கள். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த தமிழர் தொகை இப்போது சுருங்கிவிட்டது.

மாமா இதைக் கேட்டு, “அப்ப கேட்டு பூட்டியிருந்தாலும் சரி, மோரே வரைக்கும் ஒரு நாளைக்குப் போயி அந்தக் கோயில்ல தேங்கா ஒடச்சிட்டு வரோணும்” என்றார். அதற்கும் ஒரு தாள் வேண்டும். 2020 ஜனவரி முதல் மணிப்பூருக்குள் போக, வெளி மாநில இந்தியருக்கு உள்கோட்டு அனுமதி என்கிற இன்னர் லைன் பெர்மிட் தேவை. திமாப்பூர், கோஹிமா வழியாகப் போவதால் நாகாலாந்துக்கும் தனியாக ஒன்று எடுக்க வேண்டும். இம்பாலில் நிலைமை அடங்கி, அந்த மலைப்பாதையில் எந்த ஊர் ஆளும் பயமில்லாமல் போய்வரும்போதுதான் இது.

வண்டிக்கு ஒரு பாஸ்போர்ட்

பீரோவிலிருந்து மாமா ஒரு பழைய ரெக்சின் பையை எடுத்துவந்து காட்டினார். ஆர்.சி. புக், எஃப்.சி., இன்சூரன்ஸ், நேஷனல் பெர்மிட், சரக்குச் சீட்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்னால் மாநிலத்துக்கு மாநிலம் வரிச் செக்போஸ்ட். லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். எந்தத் தாளை எந்த ஜன்னலில் முதலில் நீட்டுவது என்பதுதான் டிரைவரின் பாதித் தொழில். அந்தப் பையைப் பார்த்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. நாட்டு எல்லையில் வண்டியைக் கடத்துவதும் இதே வேலைதான், தாள்கள் வேறு.

முதல் தாள், சர்வதேச ஓட்டுநர் அனுமதி. ஆர்.டி.ஓ. ஆபீஸில் பாஸ்போர்ட்டும் உரிமமும் காட்டினால் தருகிறார்கள். ஒரு வருஷம் செல்லும்.

இரண்டாவது ‘கார்னே’. வண்டியின் பாஸ்போர்ட் என்று சொன்னால் புரியும். நம் நாட்டில் இதை அங்கீகாரம் பெற்ற ஆட்டோமொபைல் சங்கங்கள் கொடுக்கின்றன. வேற்று நாட்டுக்குள் வரி கட்டாமல் போகிற வண்டி அங்கேயே விற்கப்பட்டுவிடக் கூடாது. அதற்கான உத்தரவாதம் இது. ஆகவே வண்டியின் மதிப்பைப் பொறுத்து வங்கி உத்தரவாதமோ வைப்புத்தொகையோ கேட்பார்கள். புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டு. உள்ளே போகும்போது சுங்க அதிகாரி அடித்துண்டைக் கிழித்துக்கொண்டு முத்திரை குத்துவார். வெளியே வரும்போது நடுத்துண்டைக் கிழிப்பார். இரண்டு முத்திரையும் விழுந்த மேல்துண்டு நம் புத்தகத்திலேயே நிற்கும். வெளியேறும் முத்திரையை வாங்க மறந்து வந்துவிட்டால், வண்டி இன்னும் அந்த நாட்டிலேயே இருக்கிறது என்றுதான் கணக்கு. போட்ட பணம் அதோடு சிக்கிக்கொள்ளும். ஆர்.சி.யில் இருக்கிற பெயர், இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் ஓர் எழுத்துப் பிசகாமல் இதில் வர வேண்டும். வண்டி மேல் கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவர்களிடம் ஆட்சேபம் இல்லை என்று கடிதம் வாங்கிவிட வேண்டும்.

மாமா அந்த மூன்று துண்டு விஷயத்தை மட்டும் இரண்டு முறை கேட்டுக்கொண்டார். பிறகு, “டிரிப் ஷீட்டு மாதிரிதான். எறக்குன எடத்துல கையெழுத்து வாங்காம வண்டிய எடுக்கவே கூடாது” என்றார்.

மூன்றாவது, தாய்லாந்து அனுமதி. வெளிநாட்டு வண்டி எல்லையில் போய் நின்றால் விட்டுவிட்ட காலம் 2016க்கு முன்பு. இப்போது அங்கே பதிவுபெற்ற பயண நிறுவனம் மூலமாகத் தரைப் போக்குவரத்துத் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மலேசியாவுக்குள் இந்தியர்கள் 2023 டிசம்பர் முதல் விசா இல்லாமல் 30 நாள் இருக்கலாம். சிங்கப்பூருக்கு விசா கட்டாயம். வண்டிக்கும் தனி அனுமதி, உள்ளூர் இன்சூரன்ஸ் உண்டு. இந்த விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. டிக்கெட் எடுப்பதற்கு முந்தின வாரம் தூதரகத்திலேயே ஒருமுறை கேட்டுவிடுவதுதான் நல்லது.

பேச்சு வாக்கில் இன்னொன்றையும் சொன்னேன். மியான்மரில் 1970 முதல் வண்டிகள் சாலையின் வலது பக்கம் ஓடுகின்றன. ஸ்டியரிங் நம்முடையது மாதிரியே வலது பக்கம் இருக்கிற வண்டிகள்தான் அங்கே பெரும்பாலும். மாமா இதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். “டிரைவரு ரோட்டு ஓரத்துல உக்காந்திருப்பான். முன்னால போற வண்டிய ஏறோணும்னா எதுத்தாப்புல வாரது தெரியாது. கிளீனர் எட்டிப் பாத்து, ‘வாங்கண்ணா வாங்க... பொறுங்க... ம், போலாம்’னு சொல்லோணும்.” ஓட்டாத ரோட்டின் ஆபத்தை மீன் கடை பெஞ்சிலிருந்தே கண்டுபிடித்த அந்த அனுபவத்துக்கு எந்த லைசென்ஸ் புத்தகமும் ஈடில்லை.

பொலீரோ கப்பலேறும்

கடைசியில் நாங்கள் போட்டிருக்கிற திட்டம் இதுதான். பொலீரோவை சென்னைத் துறைமுகத்தில் 20 அடி கன்டெய்னரில் ஏற்றி, மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்துக்கு அனுப்புவது. டேங்கில் பேருக்கு டீசல், பேட்டரி வயர் கழற்றி, நாலு சக்கரமும் கட்டி. மாமாவும் அத்தையும் நானும் விமானத்தில் போய் அங்கே வண்டியை எடுத்துக்கொள்வோம். தரை வழி அடைபட்டதும் பழைய தமிழன் போன கடல் வழிக்கே வந்து சேர்ந்திருக்கிறோம்.

கிள்ளானிலிருந்து வடக்கே, கெடா மாநிலம் வழியாக. கடாரம் என்று நாம் படித்த ஊர். புக்கிட் காயு ஹித்தாமில் எல்லை தாண்டி தாய்லாந்தின் சடாவ், ஹட் யாய். அங்கிருந்து மேற்குக் கரையோரமாகத் தக்குவா பா. இந்த ஊரை நான்தான் பிடிவாதமாகச் சேர்த்தேன். இங்கே 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்று பெயர் வைத்த ஒரு குளத்தை வெட்டி, அதை மணிக்கிராமத்து வணிகர்களின் காவலில் விட்ட செய்தி அதில் இருக்கிறது. அவ்வளவு தூரம் கடல் தாண்டிப்போன ஆட்கள் கல்லில் எழுதி வைக்க நினைத்தது ஒரு குளத்தை. அல்லாள இளைய நாயகர் வெட்டியதாகச் சொல்கிற நம்மூர் ராஜா வாய்க்கால் தண்ணீரில் விளைந்த சோற்றைத் தின்கிற மாமாவுக்கு, இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “கொளம் இன்னும் இருக்குதா?” என்று மட்டும் கேட்டார். போய்த் தேடிப் பார்க்க வேண்டும்.

அப்புறம் காஞ்சனபுரி. 1942-43இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவில் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை அந்த வழியாகத்தான் போனது. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரம் பேர் அந்தப் பாதையில் செத்தார்கள். நேச நாட்டுச் சிப்பாய்களுக்கு அங்கே பெயர் பொறித்த கல்லறை வரிசைகள் இருக்கின்றன. நம் ஆட்களுக்கு அந்த வரிசையில் இடமில்லை. மலாயாவுக்குக் கூலியாட்களைத் திரட்டிய ஜில்லாக்களில் திருச்சி, தஞ்சாவூர், வட ஆற்காட்டோடு நம் சேலமும் ஒன்று. இதைக் கேட்டதும் அத்தை உள்ளேயிருந்து வந்து, தன்னுடைய பெரிய தாத்தா ஒருத்தர் சின்ன வயசில் மலாயா போனவர் கடிதாசியே போடவில்லை என்றார். அதுவரைக்கும் இந்தப் பயணத்தில் ஆர்வம் காட்டாதவர். “ஒரு கைப்பிடி நம்மூரு மண்ணு எடுத்துட்டுப் போலாமா?” என்று கேட்டார்.

காஞ்சனபுரியிலிருந்து வடக்கே மே சோட். மோய் ஆற்றங்கரையில் வண்டியை நிறுத்தி, அக்கரையில் இருக்கிற மியான்மரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பிறகு ஒரே மூச்சாகத் தெற்கே இறங்கி, ஜொகூர் பாலம் தாண்டி சிங்கப்பூர்.

மாமா இதற்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியிருக்கிறார். லைன் வண்டி டிரிப் கணக்கு எழுதுகிற மாதிரியே, ஒவ்வொரு பக்கத்துக்கும் தலையில் ஊர் பெயர், பக்கத்து ஊர் தூரம், டீசல், தங்கல், வாங்க வேண்டிய முத்திரை. ஜேடர்பாளையம் முதல் மோரே வரை எழுதியிருக்கிறார். அடுத்து நாலு பக்கத்துக்கு எதுவுமில்லை. அதற்கு அப்புறம் மே சோட்டில் எழுத்து மறுபடி தொடங்குகிறது.

அந்த நாலு பக்கத்துக்கும் வரிசை நம்பர் மட்டும் போட்டு வைத்திருக்கிறார்: 14, 15, 16, 17.